குறுக்குக் கோடு

மூன்றாவது சிலிண்டருக்குள் மணிக்கட்டு வரை கையை நுழைத்து, உப்புத்தாளால் அரக்கப் பரக்கத் தேய்த்துக்கொண்டிருந்தான் ரொட்டிக்காரன். வியர்வை எஞ்சின் மேலேயே சொட்டியது. கை உள்ளே வேலை செய்ய, கண் வாசலைக் காவல் காத்தது.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். நின்றிருக்க வேண்டிய கை இன்னும் வேகமானது.

“மாமா, கைய எடுங்க.”

மனைவியின் தம்பி. மெக்கானிக். பிஸ்டன் ரிங் விலை விசாரிக்கப் போனவன் போன வேகத்திலேயே திரும்பியிருந்தான். தூறலில் நனைந்த சட்டையோடு ஒரே எட்டில் அறையைக் கடந்து வந்து மாமாவின் முழங்கையைப் பிடித்தான். வெளியே வந்த கையில் உப்புத்தாள் கசங்கிக் கறுத்திருந்தது.

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒரு ஒத்தாசை பண்ணலாமே என்று செய்ததாக ரொட்டிக்காரன் சொன்னான். சொல்லும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டான்.

தம்பி குனிந்து சிலிண்டருக்குள் பார்த்தான். தூசு விழாமல் இருக்க அவன் உள்ளே அடைத்துவிட்டுப் போன துணி தரையில் கிடந்தது. உப்புத்தாள் உதிர்த்த மணல் முழுக்கக் கீழே, பிஸ்டன்களை ஆட்டுகிற கிராங்கின் மேல். தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அடித்துக்கொண்டவன் மாதிரி நின்றான்.

“வண்டி டீசல்தான் குடிக்குதுன்னு நெனச்சேன். நீங்க மணல்லயே சாப்பாடு போட்டிருக்கீங்க.”

அந்த வீட்டின் முன்னறையில் இப்போது மனிதர்களுக்கு இடமில்லை. நடு அறையில் ஒரு பழைய டயரின் மேல் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. வாடகைக்கு ஷெட் எடுக்க வசதியில்லை, மழைக்காலம் முடிந்தும் வெளியே மழை விடுவதாயில்லை; ஆகவே ஒரு கம்பத்தில் கயிறு கட்டி, பக்கத்து வீட்டு ஆம்பளைகள் துணையோடு பிணத்தைத் தூக்கிவருவது போல எஞ்சினை வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தார்கள். கழற்றின போல்ட்டுகள் முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக நின்றன. பிள்ளையைக் குளிப்பாட்டிய பிளாஸ்டிக் தொட்டியில் கறுப்பு ஆயில். மூன்று பிஸ்டன்களும் செய்தித்தாள் மேல் படுத்திருந்தன. ஜன்னலோரத்தில் தையல் மிஷின், அதன் பின்னால் ரொட்டிக்காரனின் மனைவி. எஞ்சின் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவள் தைக்கிற ரவிக்கைகளில் டீசல் வாடை அடிக்கிறது என்று இரண்டு பேர் துணியைத் திருப்பி வாங்கிப் போய்விட்டார்கள்.

வெளியே, வயிறு காலியான வண்டி தார்ப்பாய் போர்த்தி நின்றது. அந்தக் குட்டி வண்டிதான் குடும்பம். விடிந்ததும் ரொட்டிக் கம்பெனியில் தட்டுகளை ஏற்றி, கடை கடையாக இறக்கி, பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி, கடைசிக் கடையை முடிப்பான். அந்தத் தெருவில் அவனுக்குப் பெயரே ரொட்டிக்காரன்தான். இந்த வண்டி வாங்குவதற்காக அவள் தன்னிடமிருந்த ஓவர்லாக் மிஷினை விற்றாள். அன்றிலிருந்து துணி ஓரங்களைக் கையால் தைக்கிறாள்.

கம்பெனி சூப்பர்வைசர் தெளிவாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை விடியற்காலையில் வண்டி வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரூட் வேறொருத்தனுக்கு. அவனும் ஏற்கெனவே கம்பெனி வாசலில் வண்டியைத் துடைத்தபடி நிற்கிறானாம்.

ஆக, கேள்வி ஒன்றுதான். சிலிண்டர் சுவரில் இருக்கிற கோடுகள் எப்படிப்பட்டவை?

லேசான கோடு என்றால் புது ரிங் போட்டு, இந்த அறையிலேயே மூடி, திங்கட்கிழமை ஓட்டிவிடலாம். ஆழமான கோடு என்றால் எஞ்சின் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். சிலிண்டர் துளையைக் கடைந்து, லைனர் என்கிற புது உறையை இறக்க வேண்டும். பட்டறை வரிசையில் காத்திருக்கிற எஞ்சின்களைப் பார்த்தால் திங்கட்கிழமை என்ன, அடுத்த திங்களும் நிச்சயமில்லை. அதற்கான செலவை நினைத்தால் தையல்காரிக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை.

“அக்கா, தையல நிறுத்திட்டு உன் கட்டைவிரலக் கொண்டா” என்றான் தம்பி.

“எதுக்குடா? வெட்டிப் போடப் போறியா?”

“நகம் வேணும்.”

அவனுடைய நகங்கள் சதையோடு சதையாகத் தேய்ந்து, ஓரம் தடித்துப்போனவை. ஆணியைத் தடவினாலும் அவற்றுக்குத் தெரியாது. அவளோ மடிப்புக் கீறுவதற்காகவே வலது கட்டைவிரல் நகத்தை வளர்த்துவைத்திருப்பவள். துணியில் அந்த நகத்தால் ஒரு இழு இழுத்தாளென்றால் இஸ்திரிப் பெட்டியே தேவையில்லை.

எழுந்து வந்தாள். தையல் மிஷினின் கழுத்தில் இருந்த சின்ன விளக்கைத் தம்பி ஒயரோடு கழற்றி வந்து முதல் சிலிண்டருக்குள் இறக்கினான். ஊசிமுனையைக் காட்டி வந்த வெளிச்சம் இரும்புக் கிணற்றுக்குள் இறங்கியது.

மேலிருந்து கீழாக மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். காற்று வடிகட்டி அழுக்கேறி, தூசு உள்ளே போய்க் கீறினது என்றான். நகத்தைக் குறுக்கே இழுக்கச் சொன்னான்.

இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போனது.

“பட்டுத்துணி மாதிரி இருக்கு.”

“அப்ப இது பொழச்சுது.”

இரண்டாவது சிலிண்டரில் ஒரு பக்கம் மட்டும் சாம்பல் நிறத்தில் ஈஷினது போல ஒரு பட்டை. அதைப் பார்த்ததும் அவள் கையை இழுத்துக்கொண்டாள். தம்பி பதறவில்லை. எப்போதோ வண்டி சூடேறினபோது பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சுவரில் ஒட்டியிருக்கும் என்றான். புண்ணா, வெறும் அழுக்கா என்று கேட்டுப் பார்த்துவிடலாம். யாரைக் கேட்பது? குளியலறையிலிருந்து கழிவறை கழுவுகிற ஆசிட் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னான். குச்சியில் பஞ்சைச் சுற்றி, அதில் நனைத்து, அந்தப் பட்டையில் மட்டும் தொட்டான்.

நுரை பொங்கியது. புஸ்ஸென்று ஒரு முனகல். கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஆயில் தடவி, மறுபடி நகம்.

வழுக்கிக்கொண்டு போனது.

“இரும்பு தப்பிச்சுது. மேல அப்பினதுதான் கரைஞ்சுது.”

அவள் முதல் முறையாக மூச்சு விட்டாள். கணவனைத் திரும்பிப் பார்த்தாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய மனிதன் கதவருகே நின்று, வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். எஞ்சினே இல்லாத வண்டியை அவன் தினமும் இரண்டு வேளை போய்ப் பார்த்து வந்தான். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிற மாதிரி போறார் என்று தம்பி கிண்டல் செய்வான். இன்று செய்யவில்லை.

“இருங்க மாமா. மூணாவதையும் பாத்துட்டுப் போங்க.”

விளக்கு மூன்றாவது சிலிண்டருக்குள் இறங்கியது.

உப்புத்தாள் விளையாடின இடம் தாறுமாறாகப் பளபளத்தது. ஆனால் அந்தப் பளபளப்புக்கு அடியிலேயே, கிணற்றின் பாதி ஆழத்தில், வளையல் போட்ட மாதிரி சுற்றி வர ஒரு கறுப்புக் கோடு. மேலிருந்து கீழே இல்லை, குறுக்கே.

“இழு” என்றான். இப்போது நகம் மேலிருந்து கீழே இறங்கியது. இறங்கி, பாதியில் நின்றது. டிக்.

மறுபடியும் இழுத்தாள். அதே இடத்தில் டிக்.

“தடுக்குதுடா. துணில ஓட்டுத்தையல் போட்ட எடம் மாதிரி.”

தம்பி சிகரெட் பிடிப்பவனில்லை. பிடிப்பவனாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் ஒன்றைப் பற்றவைத்திருப்பான். கைகளைத் துணியில் மெதுவாகத் துடைத்தான்.

“ஓடுற எஞ்சின் நெடுக்கக் கோடு போடும்க்கா. பிஸ்டன் மேலயும் கீழயும்தான போகுது, வேற எப்படிப் போடும்? குறுக்கக் கோடு விழணும்னா பிஸ்டன் ஒரே எடத்துல நிக்கணும். ரிங் சுவத்தத் தொட்டபடியே நிக்கணும். அங்க தண்ணி கசிஞ்சு துரு புடிச்சுத் திங்கணும். இது ஓடி வந்த கோடு இல்ல. நின்ன கோடு.”

காலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோதே அவன் இதை மாமாவிடம் சொல்லியிருந்தான். வந்து நகம் வைத்துப் பார்க்கிறேன் என்றுதான் ரிங் கடைக்குப் போனான். திரும்புவதற்குள் உப்புத்தாள் வேலையை முடிக்கப் பார்த்திருக்கிறது.

துரு தின்ற பள்ளத்தில் புது ரிங் தடுக்கித் தடுக்கி உடையும். மூடி ஓட்டினால் சில வாரம். அப்புறம் மறுபடியும் புகை, மறுபடியும் கம்பம், மறுபடியும் கயிறு.

ரொட்டிக்காரன் பேச ஆரம்பித்தான். அதெல்லாம் கறை என்றான். அவனுக்குத் தெரிந்த இரண்டு வண்டிகள் இதைவிட மோசமான சிலிண்டரோடு ஓடுகின்றன என்றான். ரிங்கைப் போட்டு மூடு, திங்கட்கிழமை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். குரல் ஏறிக்கொண்டே போனது. ஏறின குரலுக்குப் பதில் வராததால் வேறு பக்கம் திரும்பியது.

“சரி, தண்ணி எப்படி மாப்ளே உள்ள வந்துச்சு? அத மொதல்ல சொல்லு.”

தம்பியின் முகம் மாறியது. அக்காவுக்குத் தெரியாத ஒரு விஷயம் அந்த இரண்டு ஆண்களுக்கும் தெரியும் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை வண்டி சூடேறி, தம்பிதான் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி மாட்டினான். ஹெட்டுக்கு அடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் தகட்டைப் புதிதாக வாங்கக் கையில் காசில்லை. பழைய கேஸ்கெட்டையே சுரண்டிச் சுத்தம் செய்து, இரண்டு பக்கமும் வெள்ளி பெயின்ட் அடித்துக் காயவைத்து மாட்டிவிட்டான். காசில்லாத வண்டிகளுக்குக் காலங்காலமாகச் செய்கிற வைத்தியம். இந்தத் தடவை கழற்றும்போது மூன்றாவது சிலிண்டர் ஓரத்தில் அந்த பெயின்ட் உரிந்து, தண்ணீர் கசிந்த தடம் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மாமாவும் பார்த்திருக்கிறார். இத்தனை நாள் பொத்தி வைத்திருக்கிறார், தேவைப்படும்போது எடுப்பதற்காக.

“ஓசில செஞ்சா ஓசி வேலதான் நடக்கும்” என்றான் ரொட்டிக்காரன். “எவனோ ஒரு மெக்கானிக்குன்னா சட்டையப் புடிச்சிருப்பேன். பொண்டாட்டியோட தம்பியாப் போயிட்ட.”



தம்பி ஸ்பேனர்களைப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தான். ஒவ்வொன்றும் விழுகிற சத்தம் அவள் நெஞ்சில் விழுந்தது. கேஸ்கெட் என் தப்புதான், லேத் செலவு என்னுடையது, இந்தப் பெட்டியை விற்றாவது கொடுத்துவிடுகிறேன் என்றான். அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். டூல் பெட்டியை விற்ற மெக்கானிக், மிஷினை விற்ற தையல்காரி மாதிரிதான். வேலை தெரியும், கை வெறுமை.

“எஞ்சினப் பிரிச்சுப் போட்டுட்டு எங்கடா கெளம்பற? உக்காரு.”

“எதுக்கு? இன்னும் நாலு வார்த்த வாங்கவா?”

“உக்காருன்னா உக்காரு. டீ போடறேன்.”

அந்த வீட்டில் எந்தச் சண்டையையும் டீ போடுவதற்காக நிறுத்தலாம். அடுப்பைப் பற்றவைத்தாள். கம்பெனியில் தள்ளுபடியாகிற ரொட்டியின் முனைத் துண்டுகள்தான் அந்த வீட்டுப் பலகாரம். கடாயில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, தக்காளியை வதக்கி, காய்ந்த முனைகளைப் பிய்த்துப் போட்டு, மேலே இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினாள். இந்த வாரம் வண்டி ஓடாததால் ரொட்டி முனையும் கடைசிப் பைக்கு வந்திருந்தது. கிளறிக்கொண்டே யோசித்தாள்.

தம்பி செய்தது தப்புதான். தண்ணீர் கசிந்தது அவனால்தான். ஆனால் அவனே இன்னொன்றும் சொன்னானே. நின்ன கோடு.

அவள் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். தம்பியிடம் நிதானமாகக் கேட்டாள். தண்ணீர் கசிகிற எஞ்சின் தினமும் ஓடினால் இந்தக் கோடு விழுமா?

விழாது என்றான். ஓடுகிற எஞ்சினில் கசிகிற தண்ணீர் சூட்டில் ஆவியாகிப் புகைக்குழாய் வழியாகப் போய்விடும். ராத்திரி நின்று காலையில் ஓடினால்கூட ஒன்றும் ஆகாது.

“ரெண்டு மூணு நாள் நின்னா?”

“லேசாத் துரு படியும். தொடச்சா போயிரும். நகம் தடுக்கற அளவுக்குன்னா…” கொஞ்சம் யோசித்தான். “ஒரு மாசமாவது அசையாம நின்னிருக்கணும்க்கா. ஸ்டார்ட்டே பண்ணாம.”

“மொத தடவ நீ ஹெட்டக் கழட்டினப்ப இந்தக் கோடு இருந்துச்சா?”

“இல்ல. உன் வெள்ளத் துணிய வாங்கித்தான தொடச்சேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரொட்டிக்காரனைப் பார்த்தார்கள்.

அவன் முட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடவில்லை, பிய்த்துக்கொண்டுதான் இருந்தான்.

தம்பி ஹெட்டைக் கழற்றி மாட்டின பிறகு வண்டி ஒரு தடவைதான் நாள்கணக்கில் ஊரை விட்டுப் போயிருந்தது. மழைக்காலத்தில். அடுத்த ஊருக்கு அப்பால் புது ரோடு போடுகிறார்கள், சாமான் ஏற்றி இறக்க வண்டி வேண்டுமாம், ரொட்டியைவிட நல்ல வாடகை என்று சொல்லிப் போனான். ரொட்டி ரூட்டை ஒரு நண்பன் பார்த்துக்கொண்டான். ஒரு மாதத்துக்கும் மேல் வரவில்லை. அண்ணன் வீட்டில் தங்கிக்கொண்டு ஓட்டுகிறேன் என்று போனில் சொன்னான். அண்ணன் அங்கே பஞ்சர் கடை வைத்திருப்பவர். பணமும் ஒழுங்காக வந்தது. திரும்பி வந்தபோது இளைத்திருந்தான். நாக்கில் ஆறாத புண். சாப்பிடும்போது கடித்துக்கொண்டேன் என்றான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத மனுஷனுக்கு நாக்கு எதுக்குன்னு பல்லே கேட்டிருக்கும் என்று அவள்கூடச் சிரித்தாள்.

“ரோடு வேலைல வண்டி ஓடுச்சா, நின்னுச்சா?” என்று கேட்டாள்.

ஓடியது என்றான். அப்புறம் மழையில் சில நாள் நின்றது என்றான். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, ஒரு மனிதன் உழைத்துப் போட்டதற்கு வீட்டில் கணக்குக் கேட்கிறார்கள் என்று சத்தம் போட்டான். அவளுக்குச் சத்தம் பயமில்லை. அவன் சத்தம் போடுகிற ரகமில்லை, அதுதான் பயமாக இருந்தது. வேறொரு வீடு? சீட்டாட்டம்? ஏதாவது கேஸ்? மனசு தையல் மிஷின் மாதிரி ஓடியது. நூல் இல்லாமல் ஓடியது.

அந்த நேரத்தில்தான் வாசலில் செருப்புச் சத்தம். அவர்கள் மகள் பாப்பா.

பள்ளிக்கூடத்திலிருந்து தொப்பலாக நனைந்து வந்திருந்தாள். பையை எஞ்சின் மேல் வைக்கப்போய், தம்பி கத்தினதும் முட்டை அட்டையின் மேல் வைக்கப்போய், அதற்கும் கத்தினதும் தரையில் போட்டாள். தையல்காரி துண்டை எடுத்து அவள் தலையை அழுத்தித் துவட்டினாள். துண்டுக்குள்ளிருந்தே பாப்பா பேசினாள்.

“வண்டி சரியானதும் என்னைய முன்ன மாதிரி ஏத்திட்டுப் போவியாப்பா?”

முன்பெல்லாம் காலையில் பாப்பா அப்பாவின் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வாள். சூடான ரொட்டி வாசனையோடு பள்ளிக்கூட வாசலில் இறங்குவாள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார அடிதடியே நடக்கும். மழைக்காலத்துக்குப் பிறகு அது நின்றுபோனது. போலீஸ் பிடிக்கிறார்கள், சரக்கு வண்டியில் பிள்ளையை ஏற்றக்கூடாதாம் என்றான் ரொட்டிக்காரன். பாப்பா நடந்து போகும்போது அதே பள்ளிக்கூட வாசலில் அப்பாவின் வண்டி அவளைத் தாண்டிப் போகும். ஆரன் மட்டும் அடிப்பான்.

“சொல்லுப்பா.”

 ரொட்டிக்காரன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான்.

ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். தார்ப்பாயைத் தூக்கி, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை. தலைக்கு மேலே வெயில் தடுப்பை மடக்கி, அதன் பின்னால் செருகியிருந்த எதையோ எடுத்தான். வாயில் போட்டான். தண்ணீர் குடித்தான். மறுபடி அதைச் செருகிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

 போனை எடுத்தாள்.

“யாருக்கு?” என்றான் தம்பி.

“பஞ்சர் கடைக்கு.”

மறுமுனையில் காற்றடிக்கிற மிஷின் சத்தம். கணவனின் அண்ணன் சத்தத்துக்கு மேல் கத்தினார். யாரு, யாரு என்றார். அவள் சொன்னதும் மிஷினை நிறுத்தினார். அவள் நலம் விசாரிக்கவில்லை. உண்மையைக் கேட்டால் அண்ணன் தன் கூடப்பிறந்தவனை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை, தெரிந்தவள் மாதிரி ஆரம்பித்தாள்.

“அத்தான், அவர் எல்லாம் சொல்லிட்டாரு. வண்டி உங்க கடைக்குப் பின்னாலதான அத்தன நாளும் நின்னுச்சு?”

ஒரு நீண்ட மூச்சு கேட்டது. சுமை இறக்கின கூலிக்காரன் விடுகிற மூச்சு.

“சொல்லிட்டானா? அப்பாடா. எத்தன தடவ தலபாடா அடிச்சுக்கிட்டேன், வீட்டுல சொல்லுடான்னு…”

பிறகு அவர் பேசினார். அவள் கேட்டாள். தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான், அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். இரண்டும் வரவில்லை. ரத்தம் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. நடுவில் ஒரே ஒரு தடவை, அந்தப் பணம் என்றாள். அவர் ஏதோ சொன்னார். சரிங்கத்தான் என்று போனை வைத்தாள்.

“என்னக்கா?”

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பாப்பாவை உள் அறைக்குப் போய்த் துணி மாற்றச் சொன்னாள். மூன்றாவது சிலிண்டருக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்த தையல் விளக்கை எடுத்து அணைத்தாள். வாசலுக்குப் போய், ஏங்க என்று ஒரு தடவைதான் கூப்பிட்டாள்.

ரொட்டிக்காரன் வந்தான். அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான். சுவரோரமாக, மடித்து வைத்த தார்ப்பாய் மாதிரி உட்கார்ந்தான்.

“அண்ணனா?”

“அண்ணன்தான்.”

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டான். ரோடு வேலை என்ற பொய்க்கு, அண்ணனிடம் கைமாற்று வாங்கி வாடகை என்று அனுப்பிய பொய்க்கு, தன்னால் விழுந்த கோட்டை மறைக்க மச்சான் தலையில் பழியைப் போட்டதற்கு. அவள் எதையும் எடுக்கவில்லை.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். பாப்பாவ ஏன் வண்டில ஏத்தறதில்ல?”

“போலீஸ்…”

“போலீஸ வுடுங்க.”

வெளியே தார்ப்பாயில் மழை தட்டியது. அவன் உள்ளங்கையிலிருந்த துரு அழுக்கையே பார்த்துக்கொண்டு பேசினான். பேசினது தம்பிக்குக் கேட்க வேண்டும் என்றுகூட நினைத்தானோ என்னவோ, குரலைத் தாழ்த்தவில்லை.

“ரோடு வேலைக்குன்னுதான் போனேன். பொய் சொல்லல. மொதல் நாளே, ஸ்டியரிங்கப் புடிச்சிருக்கும்போதே, என்னமோ ஆச்சு. கண்ணு முழிச்சப்ப வண்டி வேலிய ஒடச்சிட்டு முள்ளுக்குள்ள நின்னுச்சு. வாயெல்லாம் ரத்தம், நாக்கக் கடிச்சிருக்கேன். அண்ணன்தான் கட்டி இழுத்துட்டுப் போயி கடைக்குப் பின்னால போட்டாரு. என்னைய ஆஸ்பத்திரில போட்டாரு. அங்க வச்சும் ஒரு தடவ வந்துச்சு.”

“என்ன வந்துச்சு மாமா?” என்றான் தம்பி.

“வலிப்பு. இனிமே வண்டியத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

முட்டை அட்டையில் போல்ட்டுகள் வரிசையாக நின்றன. திங்கட்கிழமைக்காக.

“தொடக் கூடாதுன்னு சொன்ன வண்டியத்தான் தெனமும் ஓட்டினீங்க” என்றாள்.

“மாத்திர போடறேன். ஒரு வேள தவறினதில்ல. அதுக்கப்புறம் வரவே இல்ல. இனிமே வராதுங்கற நம்பிக்கைலதான் ஓட்டினேன்.”

“அவ்வளவு நம்பிக்க இருக்கறவரு புள்ளைய எறக்கி விட்டுட்டு ஏன் ஓட்டினீங்க?”

உள் அறையிலிருந்து பாப்பா, என் காய்ஞ்ச சட்டை எங்கம்மா என்று கேட்டாள். 

“ஒருவேள மறுபடி வலிப்பு வந்துட்டா? அதனாலதான்” என்றான் ரொட்டிக்காரன்.